மூணு நாள் வந்த வீடியோ கால்

உக்காரு பாப்பா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இந்த டிரம்மைக் கவுத்துப் போட்டுருக்கேன் பாரு, இதுல உக்காரு. மேடம்னு கூப்பிடணுமா? ஒன் வயசப் பாத்தா பாப்பான்னுதான் வாயில வருது. கோச்சுக்காத.

என்னா கேட்ட? இன்டர்நெட் வந்ததுனால எம் மனசு எப்படி இருக்கு, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் சொல்லணும். அவ்வளவுதானா? நம்பர் சொல்லிடலாம். ஆனா வெறும் நம்பர எழுதிக்கிட்டுப் போயி மேல குடுத்தா அவங்களுக்கு என்னா தெரியும்? நடந்தத கேட்டுட்டு நீயே ஒரு நம்பர் போட்டுக்க.

மொதல்ல மலர்க்கொடியத்தான பாத்துட்டு வர்ற? வூடு போனவங்களுக்குப் போட்டுக்குடுத்த ஷெட்டுல கடைசியில ஒருத்தி இருக்கா, தையல்நாயகின்னு, அங்க போனா எந்திரிக்க விட மாட்டான்னு சொல்லியிருப்பாளே. சொன்னாளா இல்லையா? ஒஞ் சிரிப்பே சொல்லுது. சொல்லுவா, சொல்லுவா. இப்ப அந்த இன்டர்நெட் பொட்டிக்கு அவதான மொதலாளி. அந்தப் பொட்டிக்கு மொத மொத பொறுப்பா இருந்தது யாருன்னு அவ சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா.

நான்தான் பாப்பா. இந்த தையல்நாயகிதான்.

புயல் அடிச்சு எங்க தெருவுல நின்னது ரெண்டே வூடு. மீதி நாப்பத்தோரு வூடும் படுத்துருச்சு. தென்னை ஒண்ணு நிக்கல. கரண்டு இல்ல, டவரு இல்ல, ரோடு பூரா மரம். முந்நூத்திச் சொச்சம் பேரு, புயலுக்கு ஒதுங்கன்னு கவர்மெண்டு கட்டுன கட்டடத்துல போயி அடைஞ்சோம். சோறு வந்திருச்சு, அத குறை சொல்லக் கூடாது. ஆனா சோறு எறங்கல. ஏன்? ஒருத்தருக்கு மவன் திருப்பூர்ல, ஒருத்தருக்கு மருமவன் துபாய்ல, இன்னொருத்தர் மவள கட்டிக்குடுத்தது அந்தப் பக்கம் உப்பளத்து ஊர்ல. யாரு இருக்கா, யாரு இல்ல, ஒண்ணும் தெரியாது. அங்க இருக்குறவனுக்கு நாம இருக்கமா இல்லையான்னு தெரியாது. பேசாத போன கையில வச்சிக்கிட்டு அவனவன் கட்டடத்து மாடியில ஏறி ஏறி எறங்குனான்.

அஞ்சாம் நாளு ஒங்க ஆபீஸ்லேர்ந்து வந்தாங்க. மாடியில டிவி டிஷ் மாதிரி ஒரு தட்டு வச்சாங்க, கீழ ஜெனரேட்டர் பக்கத்துல ஒரு பொட்டி. அந்தப் பொட்டிக்கு ஒரு நம்பர் உண்டு, அத போன்ல அடிச்சாத்தான் நெட் வரும். தெனம் காலையில நம்பர் மாறும். இல்லன்னா ரோட்டுல போறவன் வர்றவன்லாம் வந்து உக்காந்து படம் பாப்பான். அந்த நம்பர சீட்டுல எழுதி குடும்பத்துக்கு ஒண்ணா குடுக்க ஒரு ஆளு வேணும்னு அந்த சாரு கேட்டாரு. பத்தாவது படிச்சவங்க யாருன்னாரு. பொம்பளைங்கள்ல நான் ஒருத்திதான். புருஷன் போயி பதினோரு வருஷம், புள்ளகுட்டி கெடையாது, என்னேரமும் இங்கயே இருப்பேன். என்னைய போட்டாரு.

அன்னைக்கு நீ இருந்து பாத்திருக்கணும். இருவது முப்பது பேரு ஒரே நேரத்துல கத்துறாங்க, "நாங்க இருக்கோம், இருக்கோம், எல்லாரும் இருக்கோம்"னு. அந்தப் பக்கம் ஒருத்தன் அழுவுறான், இந்தப் பக்கம் ஒருத்தி சிரிக்கிறா. காளியப்பன் பெரியப்பா இருக்காரே, எழுவது வயசு, போன கைல குடுத்தா தலகீழாப் புடிப்பாரு, அவரு சிங்கப்பூர்ல இருக்குற மவனப் பாத்துட்டு போனுக்கு முத்தம் குடுத்தாரு. எல்லாம் என் கையால போட்டுக் குடுத்தது. எப்படி அமுக்கணும், எப்படி முன் கேமராவ பின்னால மாத்தணும், எல்லாம் நான்தான் கத்துக்குடுத்தேன். தையலக்கா, தையலக்கான்னு என் பின்னாலயே திரிஞ்சாங்க. இதுக்கு முன்னாடி எந்தக் கல்யாணத்துலயும் என்னைய முன்னால வான்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல, தெரிஞ்சிக்க.

இந்த டீய குடி, ஆறிரும். ஷெட்டுச் சூட்டுல ஆறாதுன்னு வச்சிக்க, இருந்தாலும் குடி.

எனக்கு ஒரே தம்பி, செழியன். எங்கம்மா போனப்ப அவனுக்கு ஆறு வயசு, நான்தான் வளத்தேன். மஸ்கட்ல இருக்கான். அவன் பொண்டாட்டி சுபாஷினி. நல்ல பொண்ணுதான், இல்லங்கல. புயலப்ப ஒம்பதாம் மாசம் அவளுக்கு. அடுத்த வாரம் வளைகாப்பு போட்டு, அவங்கம்மா வந்து பிரசவத்துக்கு அழைச்சிட்டுப் போறதா இருந்திச்சு. நாள் குறிச்சு, வளையல்லாம் வாங்கியாச்சு. அதுக்குள்ள இந்தக் கண்றாவி.

வூடு படுத்தப்ப அவ போனு தண்ணில விழுந்திருச்சு. ஈரம் போவட்டும்னு நான்தான் தொடச்சு அரிசிக்குள்ள பொதச்சு வச்சேன். எல்லாரும் அப்படித்தான் பண்ணோம். கட்டடத்துல எந்த அரிசி டின்னுல கைய விட்டாலும் ஒரு போனு கெடக்கும்.

பொட்டி வந்த மறுநாளு எனக்கு ஒரு வீடியோ கால் வந்திச்சு. பாத்தா சுபாவோட அம்மா, வேதவல்லி. எனக்கு சம்பந்தி மொறை. அந்தம்மாவுக்கும் புருஷன் கெடையாது, கொழுந்தன் வூட்டோட இருந்திச்சு. டவுன் ஆஸ்பத்திரியில கெடக்கு. கொட்டாய் சுவரு மேல விழுந்து கால் நசுங்கிப் போச்சாம். "தையலு, அவ போனு எடுக்கல, அவ இருக்கால்ல? நல்லாருக்கால்ல? கொஞ்சம் குடேன்"னு கேட்டுச்சு.

நீயே சொல்லு பாப்பா. ஒம்பதாம் மாசம். வூடு போச்சு, புருஷன் பக்கத்துல இல்ல. இந்த நெலமையில பெத்த தாயி ஆஸ்பத்திரியில கெடக்குறத கண்ணால பாத்தா என்னா ஆவும்? அதுக்கு முந்துன நாளுதான் ஒரு கூத்து நடந்திருந்திச்சு. இன்னொரு புயல் வருதுன்னு எவனோ எந்த ஊரு வீடியோவையோ அனுப்பி, இங்க பாதிப் பேரு மூட்டைய தூக்கிட்டு ஓடுனாங்க. அதுல ஒரு பொண்ணு மயக்கம் போட்டு விழுந்தா. நெட்டுன்னா நல்லது மட்டும் வராதுல்ல. யாருக்கு எது வரணும்னு பாத்துக்குடுக்க ஒரு ஆளு வேணுமா வேணாமா?

அதுனால சொன்னேன், "சம்பந்தி, அவ தூங்குறா. எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்"னு.

அந்தம்மா, "தூங்கட்டும், தூங்கட்டும், எழுப்பாத"ன்னுச்சு. பாத்தியா? அதுக்கே தெரியும்.

மறுநாளும் வந்திச்சு. சாயங்காலம். அப்பவும் அப்படித்தான் சொன்னேன். டாக்டரு கால எடுக்கணும்னு சொல்றாரு தையலு, அதுக்குள்ள புள்ளகிட்ட ஒரு வார்த்தை பேசிடுறேன்னு அழுதுச்சு. ஆறுதல் சொன்னேன். அரை மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். எனக்கு வேல இல்லையா? சீட்டுக்கு அங்க பத்துப் பேரு நிக்கிறாங்க. அவங்களை நிறுத்தி வச்சிட்டு அந்தம்மாவுக்கு நான் ஆறுதல் சொன்னேன். இதெல்லாம் யாரு நெனச்சுப் பாத்தா?

மூணாம் நாளு காலையில. "தூங்குனாலும் பரவால்ல, போன அவ பக்கம் திருப்பி தூங்குறதையாவது காட்டு"ன்னுச்சு. எனக்குத் திருப்பத் தெரியலன்னுட்டேன். வேற என்னா செய்யச் சொல்ற? அவ அப்ப தூங்கவே இல்ல. எனக்கு நேரா, வாசப்படியில உக்காந்து முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. அத எப்படிக் காட்டுறது?

அன்னைக்கு மத்தியானமே போயிருச்சு. அதோட கொழுந்தன், சுபாவோட சித்தப்பா, எனக்குத்தான் போன் பண்ணாரு. ரோடு கெடயாது, வண்டி கெடயாது. நான் சொன்னேன், இவகிட்ட இப்ப சொல்ல வேணாம், மாசமா இருக்குறவ சாவுச் சேதி கேக்கக் கூடாது, புள்ள பொறக்கட்டும், நானே பக்குவமா சொல்லிக்குறேன்னு. சரிம்மா, நீங்க சொன்னா சரின்னாரு. அங்கயே எரிச்சிட்டாங்க.

இது நம்ம வழக்கந்தான? நீ எந்த ஊரு? திருச்சியா? அங்கயும் இதே வழக்கந்தான் இருக்கும். வயித்துப் புள்ளக்காரிகிட்ட சாவு சொல்ல மாட்டோம். நான் ஒண்ணும் புதுசா செய்யல. நான் தனியாவும் முடிவு பண்ணல. அன்னைக்கே பொம்பளைங்க ஏழெட்டுப் பேர பின்னால கொழாயடிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்த மலர்க்கொடி இருக்காளே, அங்கன்வாடியில சமைக்கிறவ, அவதான் மொதல்ல வாயத் தெறந்தா. "ஆமாம் தையலு, சொல்லவே கூடாது. எங்க ஓரகத்தி அப்படித்தான் சேதி கேட்டு கொறமாசத்துல பெத்தா"ன்னா. எல்லாரும் தலையாட்டுனாங்க. செழியன்கிட்டயும் போன்ல சொன்னேன். அழுதான். அழுதுட்டு, "நீ பாத்துக்கக்கா, ஒன்னைய நம்பித்தான் இருக்கேன்"னான். ஒன்னைய நம்பித்தான்னு சொன்னான் பாப்பா. அவன் சொன்ன வார்த்தை அப்படியே காதுல இருக்கு.

அதுக்கப்புறம் பன்னெண்டு நாளு. லேசான வேலையா அது? போனு ரெண்டாம் நாளே காஞ்சி நல்லாயிருச்சு, ஒரு தடவ தட்டிப் பாத்தேன், வெளிச்சம் வந்திச்சு. மறுபடி அரிசிக்குள்ளயே வச்சிட்டேன். அவ கேப்பா, "அண்ணி, எம் போனு சரியாச்சா?" இன்னும் ஈரம் இருக்குடி. "அண்ணி, அம்மாவுக்கு ஒங்க போன்லேர்ந்து போட்டுப் பாருங்களேன்." அங்க டவரு வரலடி. தெனம் இதே கேள்வி, தெனம் இதே பதிலு. செழியன்கிட்ட பேசணும்னா எம் போனத்தான் குடுப்பேன், பக்கத்துலயே உக்காந்திருப்பேன், வாய் தவறி எதுனா சொல்லிடப் போறான்னு. எனக்கு சோறு தண்ணி எறங்கல. அவ ஒடம்பு மெலியக் கூடாதுன்னு எம் பங்கு முட்டைய அவளுக்குக் குடுத்தேன். இது எந்த லிஸ்ட்லயும் ஏறல.

அப்புறம் அந்த நாளு வந்திச்சு. வியாழக்கெழம. நான் தாலுகா ஆபீசுக்கு வூடு போன மனு குடுக்கப் போயிருந்தேன். நம்பர் சீட்டெல்லாம் எழுதி வச்சிட்டு, குடுக்கச் சொல்லி மலர்க்கொடிகிட்ட குடுத்துட்டுப் போனேன். அவள நம்பித்தான் குடுத்தேன்! சாயங்காலம் திரும்பி வர்றேன். சுபா நடுக் கூடத்துல கால நீட்டி உக்காந்திருக்கா. மடியில அரிசித் தூளோட போனு. மத்தியானச் சோத்துக்கு அரிசி அளக்குறப்ப கைல பட்டுச்சாம். அமுக்கிப் பாத்திருக்கா, உசுரு வந்திருக்கு. மலர்க்கொடிகிட்ட நம்பர் கேட்டிருக்கா. இவளும் குடுத்திருக்கா! ஏண்டி குடுத்தன்னு கேட்டா, "வயித்துப் புள்ளக்காரி கெஞ்சுறா, எப்படி இல்லங்குறது"ன்னா. நான் பன்னெண்டு நாளு இல்லன்னு சொல்லலையா?

நம்பர் போட்டதும் வந்து கொட்டியிருக்கு. பதினோரு வாய்ஸ் மெசேஜ். வேதவல்லிக்கு எழுதத் தெரியாது, பேசித்தான் அனுப்பும். இவ போனு அரிசிக்குள்ள கெடந்த நேரத்துல அந்தம்மா பேசிப் பேசி அனுப்பியிருக்கு.

நான் உள்ள நொழையிறப்ப மூணாவது ஓடிக்கிட்டு இருக்கு. "வளையல்லாம் ஒடஞ்சி போச்சுடி கண்ணு. போனா போவுது, கால் சரியானதும் வேற வாங்கியாறேன். பச்சை நெறமா செவப்பா?" கூடம் பூரா சத்தம் போட்டுக் கேக்குது. சுபா மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "அண்ணி, எங்கம்மா! எங்கம்மா பேசுது! கால்ல லேசா அடியாம்." சொல்லிட்டு போன வாய்கிட்ட வச்சு, "அம்மா, நான் நல்லாருக்கேன்மா, போனு தண்ணில விழுந்திருச்சும்மா, பச்சையே வாங்கு"ன்னு பேசி அனுப்புறா. அனுப்பிட்டு பதிலு வரும்னு போனையே பாத்துக்கிட்டு இருக்கா.

காளியப்பன் பெரியப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

மறுபடி அனுப்புறா. "அம்மா, நெட் இருக்கா? எந்த ஆஸ்பத்திரிம்மா?" மறுபடி பாக்குறா. அப்ப இந்த மலர்க்கொடி, பேசாம இருக்கக் கூடாது? போயி அவ தலையில கைய வச்சு, "சுபா, ஒங்கம்மா இல்லடி"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுவுறா.

சுபா அவள பாக்கல. என்னைய பாத்தா.

நான் சொன்னேன், "ஒங்கம்மாதாண்டி எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு, புள்ளகிட்ட சொல்லாத தையலு, புள்ள பொறக்கட்டும்னு."

அது பொய்தான். ஒங்கிட்ட என்னா மறைக்கிறது. அந்த நேரத்துல அந்தப் பொண்ணு தாங்கணும்ல, அதுக்குச் சொன்னது. நல்லாத்தான் கேட்டுச்சு. சுத்தி நின்னவளுவோ எல்லாம், "பெத்தவளே சொன்னப்புறம் தையலு என்னா செய்யும்"னு உச் கொட்டுனாங்க. சுபாகூட தலைய ஆட்டுனா. அழுதா, ஆனா தலைய ஆட்டுனா. எம் மடியில வந்து சாஞ்சா பாப்பா. அதோட முடிஞ்சிருக்கும்.

சாஞ்சுக்கிட்டே மீதியையும் போட்டா. அம்மா குரலக் கேக்கணும்ல. நாலு, அஞ்சு, ஆறு. நான் தலையத் தடவிக்கிட்டே இருக்கேன். ஒம்பதாவது வந்திச்சு.

"தையலுகிட்ட முந்தாநேத்தும் கேட்டேன், நேத்தும் கேட்டேன், இன்னைக்கும் கேட்டேன். நீ தூங்குறன்னே சொல்றா. எந்நேரமும் தூங்காதடி, கொஞ்சம் நட, அப்பத்தான் சொகமா பொறக்கும். முழிச்சதும் ஒரே ஒரு தடவ போடு. அம்மாவுக்கு ஒன்னையப் பாக்கணும் போல இருக்கு."

எம் மடியிலேர்ந்து அவ மெதுவா எந்திரிச்சா. வயித்தப் புடிச்சிக்கிட்டு, தரையில கைய ஊனி எந்திரிச்சா. நான் புடிக்கப் போனேன், கையத் தட்டி வுட்டா.

செத்தவளும் என்னையக் காட்டிக்குடுத்துட்டா பாப்பா. மூணு நாளு உக்காந்து ஆறுதல் சொன்னேனே, அதுல ஒரு வார்த்தை உண்டா அந்த மெசேஜுல? தையலு நல்லாப் பேசுனா, தையலு தைரியம் சொன்னான்னு ஒரு வார்த்தை? இல்ல.

அப்புறம் பாக்கணும் நீ. கொழாயடியில தலையாட்டுன அத்தனை பேரும், "எங்களுக்கு சாவு மட்டுந்தான் தெரியும், அந்தம்மா உசுரோட கேட்டுச்சுன்னு தையலு எங்ககிட்ட சொல்லவே இல்ல"ன்னு ஒதுங்கிட்டாங்க. மலர்க்கொடி கேக்குறா, "சாவ மறைக்கிறது வழக்கம் தையலு, உசுரோட இருக்குறவள மறைக்கிறது எந்த ஊரு வழக்கம்?" எல்லாரும் கேக்குற மாதிரி கேட்டா. செழியன் மஸ்கட்லேர்ந்து போட்டான். அக்கான்னு கூப்பிடல. "எங்க மாமியாரு மூணு நாளு ஒங்கிட்ட கேட்டாங்களா?"ன்னான். ஆமாம்டா, அடிபட்டுக் கெடந்திச்சு, அதான்னேன். "அன்னைக்கு நீ ஒரு தடவ குடுத்திருந்தா பேசியிருப்பாங்களேக்கா"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான். வளத்தவ கிட்ட பேசுற பேச்சா இது?

எனக்கு அந்த வித்தியாசம் இன்னும் புரியல. அந்தம்மா எப்படியும் போகத்தான போவுது. இன்னைக்கு கேட்டாலும் அழுவா, நாளைக்கு கேட்டாலும் அழுவா. கடைசியில டாக்டரே கைய விரிச்சிட்டாராம். அது போவப் போவுதுன்னு அப்பவே எனக்குத் தெரியுமான்னு கேக்குறியா? மொத நாளு தெரியாது. ரெண்டாம் நாளும்... சரி, மூணாம் நாளு தெரிஞ்சிருக்கலாம். குரலு ஒரு மாதிரிதான் இருந்திச்சு.

நீ எழுதிக்கிட்டே இரு, நான் சொல்றத நிறுத்தல.

ரெண்டு நாள்ல ஒங்க சாரு வந்தாரு. யாரு சொன்னான்னு கேக்க மாட்டேன், எனக்குத் தெரியும். "அம்மா, யாருக்கு நெட் வேணும், யாருக்கு வேணாம்னு நாம முடிவு பண்ணக் கூடாதும்மா"ன்னாரு, மெதுவாத்தான் சொன்னாரு. சீட்டுப் புத்தகத்த வாங்கி மலர்க்கொடிகிட்ட குடுத்தாரு. அதே மலர்க்கொடிகிட்ட! இப்ப நம்பர சீட்டுல எழுதுறதுகூட இல்ல, செவுத்துல பெருசா எழுதி ஒட்டியிருக்கா. யாரு வேணா பாத்துக்கலாம். தையலக்கான்னு கூப்பிட ஆளு கெடயாது. நான் போயி நின்னா பேச்ச நிறுத்திடுறாளுவோ.

பத்து நாள் கழிச்சு புள்ள பொறந்திச்சு. பொண்ணு. ரெண்டே முக்கால் கிலோ, சொகப்பிரசவம். எனக்கு யாரு சொன்னா? செவுத்தோரமா நின்னப்ப மலர்க்கொடி வேற யாருக்கோ சொன்னத காதுல வாங்கிக்கிட்டேன். என் தம்பி புள்ள பொறந்த சேதி எனக்கு அப்படி வருது. அழுதேன். தாயும் சேயும் நல்லாருக்காங்கல்ல? கொறமாசம் ஆவலல்ல? அப்ப நான் காப்பாத்துனேனா இல்லையா? ஒருத்தர் சொல்லட்டும். நீ சொல்லு. ஏன் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்க?

சரி, நீ ஆபீஸ் ஆளு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு இருக்கும்.

இப்ப சுபா அவ சித்தப்பா வூட்டுக்குப் போயிட்டா. போற அன்னைக்கு ஆட்டோவ ரோட்டுல நிறுத்திட்டு, புள்ளைய சித்தப்பா கையில குடுத்துட்டு, இந்த ஷெட்டுக்கு வந்தா. தம்பி புள்ளையக் காட்டத்தான் வர்றான்னு எந்திரிச்சு சேலையச் சரி பண்ணேன். வெறுங்கையோட வந்து, இந்தா, நீ உக்காந்திருக்குற எடத்துல நின்னா.

"அண்ணி, நான் சண்டை போட வரல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்"னா. கேளுடின்னேன். "சித்தப்பாவ கேட்டா அழுவுறாரே தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாரு. மெசேஜுல கொரலு மட்டுந்தான் இருக்கு. எங்கம்மா என்னையக் கேட்டப்ப அது மூஞ்சி எப்படி இருந்திச்சு? நீங்கதான் பாத்தீங்க. அத மட்டும் சொல்லிடுங்க, நான் போயிடுறேன்."

அவ கண்ணுல கோவம் இல்ல பாப்பா. பசிச்சவ சோறு கேக்குற மாதிரி கேட்டா. கோவமா கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன்.

நல்லாருந்திச்சுடின்னேன். தெளிவா இருந்திச்சு, தலையெல்லாம் சீவி, சிரிச்ச மூஞ்சியா இருந்திச்சுன்னேன்.

"அண்ணி, ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருக்கு, எங்கம்மாவுக்கு தலையிலயும் அடி. மொட்டை போட்டு, புருவம் வரைக்கும் கட்டு போட்டிருந்தாங்க"ன்னா. போயிட்டா. அன்னையிலேர்ந்து எம் போன எடுக்குறதில்ல.

நான் அவகிட்ட வேணும்னு பொய் சொல்லல. எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல பாப்பா. எழுதாத, அந்தப் பேனாவ கீழ வையி. புயலுக்கப்புறம் நான் கண்ணாடியே பாக்கல, எங்க வூட்டுக் கண்ணாடி மண்ணுக்குள்ள போயிருச்சு. அந்த வீடியோ கால்ல, கீழ மூலையில நம்ம மூஞ்சி சின்னதா தெரியும் பாரு. எம் முடி எவ்வளவு நரைச்சிருக்கு, பேசுறப்ப எம் வாயி எப்படிப் போவுது, நாலு பேரு மரியாத குடுக்குற மூஞ்சியாத்தான் இருக்கான்னு, மூணு நாளும் நான் அத மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.